பிரம்ம கமலம் காட்டுறோம்னு கூட்டிட்டுப் போனாங்க: மலர்ப் பள்ளத்தாக்கு பேக்கேஜ் ரிவியூ

மொதல்லயே சொல்லிர்றேன், அஞ்சுக்கு மூணு ஸ்டார். அந்த மூணுல ரெண்டரை கைடு பையனுக்கு, மிச்சம் அரை வண்டி ஓட்டுனவருக்கு. கம்பெனிக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. பேரு போடலயேன்னு கேக்காதீங்க, சண்டை போட்டு கொஞ்சம் பணம் திருப்பி வாங்கிட்டேன், அப்பறம் பேரு போட்டா அது நல்லாருக்காது. தவிர இந்த ரூட்டுல எந்தக் கம்பெனில போனாலும் அதே ரோடு, மேல தங்கற அதே காங்கரியா ஊரு, கிட்டத்தட்ட அதே ரூம்தான், அதனால இதப் படிச்சுட்டு நீங்க எதுல வேணா புக் பண்ணிக்கலாம்.

இது ஆரம்பிச்சதே எங்க பெரியம்மாவாலதான். மதுரைல அவங்க வீட்டு மாடில ஒரு தொட்டில பிரம்ம கமலம் வச்சுருக்காங்க, யார்ட்டயோ ஒரு எலையை வாங்கிட்டு வந்து சொருகி வச்சது, இப்போ ஆள் ஒசரத்துக்கு நிக்குது. வருஷத்துக்கு சில தடவை ராத்திரி பூக்கும், அன்னிக்கு தெருவுல பாதி பேரு மாடில இருப்பாங்க, சூடம் காட்டுவாங்க, யாராவது ஒருத்தர் பூவுக்குள்ள பாம்பு படுக்கை தெரியுது பாருன்னு சொல்லுவாங்க, விடியறதுக்குள்ள பூ தொங்கிப் போயிரும். அந்த பெரியம்மாவோட வாட்சப்புக்கு ஒரு போஸ்டர் வந்துச்சு. "இமயமலையில் பிரம்ம கமல தரிசனம், மலர்ப் பள்ளத்தாக்கு, ஹேம்குண்ட், ரிஷிகேஷ் டூ ரிஷிகேஷ் 6 நாள், நபருக்கு 13,500." நடுவுல பெருசா வெள்ளைப் பூ, அச்சு அசல் எங்க மாடில இருக்கறதே. "டேய், இது அங்க காட்டுல தானா கெடக்குதாம்டா, என்னைய கூட்டிட்டுப் போடா"ன்னு ஒரே பிடி. வயசு 62, முட்டி வலி வேற. நானும் சரின்னுட்டேன்.

இங்கதான் மொத ஓட்டை. அந்தப் போஸ்டர்ல இருந்த பூ இமயமலைல கெடையவே கெடையாது! நம்ம வீடுகள்ல பிரம்ம கமலம்னு சொல்லி வளக்குறது ஒரு கள்ளிச் செடி, மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்தது, நிஷாகந்தின்னும் சொல்லுவாங்க. எலைன்னு நாம நெனைக்கறது உண்மைல எலையே இல்ல, தட்டையான தண்டு, அதான் வெட்டி சொருகுனா வேர் புடிக்குது. இமயமலை பிரம்ம கமலம் வேற குடும்பம், வேற ஒசரம், வேற மூஞ்சி. உத்தராகண்ட் மாநிலத்தோட மாநிலப் பூவே அதுதான். இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது, தெரியாததுல எனக்கு வெக்கம் இல்ல, ஆனா அந்தப் பூவ வச்சு யாவாரம் பண்றவனுக்குத் தெரிய வேண்டாமா?

ரெண்டாவது, தேதி. எங்களுக்கு ஜூலை மொத வார பேட்ச்ல சீட்டு போட்டுட்டாங்க. கெளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி சும்மா நெட்ல மேஞ்சப்பதான் பாத்தேன், பள்ளத்தாக்கு ஜூன் 1ல திறந்து அக்டோபர் கடைசி வரைக்கும் இருக்கும், ஆனா பூ கூட்டமா இருக்கறது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், பிரம்ம கமலம் ஆகஸ்ட்லதான் நல்லா கண்ணுல படும்னு. ஆபீசுக்குப் போன் போட்டா அந்தப் பொண்ணு "சார் எல்லா சீசன்லயும் ஃப்ளவர்ஸ் இருக்கும் சார்"னு பாடுது. நாலு போன், ரெண்டு மெயில், ஆளுக்கு ஆயிரம் ரூவா "மாத்துற சார்ஜ்" கட்டி ஆகஸ்ட் ரெண்டாவது வாரத்துக்கு மாத்துனோம். இது முக்கியம், யார் போனாலும் மொதல்ல உங்களுக்கு எந்தப் பூ வேணும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கப்பறம் தேதி பாருங்க. நம்ம குறிஞ்சி மாதிரி 12 வருஷம் காத்திருந்து ஒரே பூ மலை முழுக்க நீலமா விரிக்கற கதை இல்ல அங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஆட்டக்காரங்க மாறிட்டே இருப்பாங்க.

ரிஷிகேஷ்ல இருந்து ஜோஷிமட் வரைக்கும் ஒரு முழுப் பகல் ரோடு, காலைல ஆறுக்குக் கெளம்பி இருட்டறப்ப போய் சேந்தோம், நடுவுல மண்ணு சரிஞ்சு ஒரு ஒன்றரை மணி நேரம் நின்னோம். டிரைவர் கட்வாலி ஆளு, தங்கமான மனுஷன், பெரியம்மா தேவபிரயாகைல ஆரம்பிச்சு ருத்ர, கர்ண, நந்த பிரயாகைன்னு ஒவ்வொரு சங்கமத்துலயும் நிறுத்தச் சொன்னப்பவும் முகம் சுளிக்காம நிறுத்துனாரு. அந்த அரை ஸ்டார் இதுக்குத்தான். ஜோஷிமட்ல 2023 ஜனவரில நிலம் இறங்கி வீடெல்லாம் விரிசல் விட்டுச்சே, ஞாபகம் இருக்கா? இன்னும் சில சுவத்துல சிவப்புல பெருக்கல் குறி போட்டது அப்படியே இருக்கு. அதுக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு நாம மேகி சாப்புடறோம், என்னமோ மாதிரி இருந்துச்சு.

மறுநாள் கோவிந்த்காட், அங்கிருந்து புல்னா வரைக்கும் ஷேர் ஜீப்பு நாலு கிலோமீட்டர், அப்பறம் நடை. ஒம்போது பத்து கிலோமீட்டர் வரும் காங்கரியாவுக்கு, சுமாரா 3,050 மீட்டர். பாதை கல்லு பாவி நல்லாத்தான் இருக்கு, 2013 ஜூன் வெள்ளத்துல பழசு அடிச்சுட்டுப் போயி புதுசா போட்டதாம். ஆனா கோவேறு கழுதைங்க போற வழி, சாணியும் மழையும் கலந்து ஒரு மாதிரி சட்னியா இருக்கும், நாத்தம் பழகறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பெரியம்மா கழுதைல. "கழுதைக்குப் பணம் பேக்கேஜ்ல சேத்தி"ன்னு போன்ல சொன்னாங்க, அங்க போனா "இல்ல, தனி". இது மூணாவது.

காங்கரியா ரூம் பத்தி ஒரே வரில முடிச்சுர்றேன்: கம்பளி ஈரம், வெந்நி பக்கெட் கணக்கு, சுவத்துல பாசி. அந்த ஊர்ல வருஷத்துல ஏழு மாசம் யாரும் இருக்க மாட்டாங்க, பனி மூடிரும், சாமானெல்லாம் முதுகுல ஏறி வருது, அதனால இதுக்காக நான் ஸ்டார் கொறைக்கல. சாப்பாடு ராஜ்மா, சோறு, ரொட்டி, திரும்ப ராஜ்மா. பெரியம்மா கைல இருந்த பருப்புப் பொடியும் நார்த்தங்காயும்தான் காப்பாத்துச்சு, குரூப்புல இருந்த கோயம்புத்தூர்க்காரங்க நாலு பேரும் எங்க டேபிளுக்கே வந்துட்டாங்க.

இப்ப அந்த ரெண்டரை ஸ்டார்.

கைடு பையனுக்கு 24 வயசு இருக்கும், அந்தப் பள்ளத்தாக்கோட கீழ் கிராமத்துப் பையன். கம்பெனி ஆளு இல்ல, கம்பெனி அங்க போயி தினக்கூலிக்குப் புடிச்ச ஆளு. நமக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தி, அவனுக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ், இருந்தாலும் ஒரு பூவ விடல. பெரியம்மாவ "மாதாஜி"ன்னுதான் கூப்புடுவான். பள்ளத்தாக்குக்குள்ள கழுதை விட மாட்டாங்க, நடக்கணும், இல்லன்னா முதுகுல கூடை கட்டி மனுஷனே தூக்கிட்டுப் போவாரு. பெரியம்மா "இன்னொருத்தர் முதுகுல ஏறி நான் பூ பாக்க வேணாம்டா, எவ்வளவு தூரம் முடியுதோ போவோம்"னு நடந்தாங்க.

காலைல ஏழு மணிக்கு கேட்டு திறந்ததும் உள்ள போயிட்டோம், சாயங்காலம் அஞ்சுக்குள்ள வெளிய வந்துரணும், உள்ள தங்க விட மாட்டாங்க. 1982ல தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, 2005ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேந்துருச்சு, 87 சதுர கிலோமீட்டர் சொச்சம், நாம பாக்கறது அதுல ஒரு ஓரம்தான். புஷ்பவதி ஆத்துப் பாலம் தாண்டி கொஞ்சம் மூச்சு வாங்கற ஏத்தம், அதுக்கப்பறம் திடீர்னு மலை ரெண்டா தொறந்து விடுது. பேக்கேஜ் போட்டோல காட்டுற மாதிரி பாய் விரிச்ச கலர் எல்லாம் இல்லங்க, அத எதிர்பாத்துப் போனா மொத அரை மணி நேரம் ஏமாத்தமா இருக்கும். தூரத்துல இருந்து பாத்தா பச்சை, நடுநடுவுல ரோஸ் கலர் பொகை மாதிரி. கிட்டப் போயி குனிஞ்சாதான் கடை திறக்கும். அந்த ரோஸ் கலர் என்னன்னு பாத்தா காசித்தும்பை! நம்ம வாசல்ல இருக்கற காசித்தும்பையோட மலைச் சொந்தம், ஆள் இடுப்புக்கு மேல நிக்குது, காயத் தொட்டா அதே மாதிரி பட்டுனு வெடிக்குது, பெரியம்மா சின்னப் பிள்ளை மாதிரி நாலஞ்சு காயை வெடிச்சுப் பாத்தாங்க. அப்பறம் ஊதா ஜெரேனியம், ரத்தச் சிவப்புல பொட்டு வச்ச மாதிரி பொட்டென்டில்லா, ஆத்தோரக் கல்லுக்கு நடுவுல ஒரு பளீர் ரோஸ் எபிலோபியம், நாகம் படம் எடுத்த மாதிரி ஒரு செடி, பேரே கோப்ரா லில்லி, சேப்பங்கிழங்கு குடும்பம்.

அந்தப் பையன் ஒரு எடத்துல நின்னு ஒரு செடியக் காட்டி மூஞ்சியச் சுழிச்சான். பாலிகோனம், வெள்ளையா கொத்துக் கொத்தா பூத்து அழகாத்தான் இருக்கு, ஆனா மத்த பூவ எல்லாம் அமுக்கிட்டுப் பரவுதாம், வனத்துறை ஆளுங்க வருஷா வருஷம் புடுங்கிட்டே இருக்காங்க. பூங்கா ஆனதுல இருந்து ஆடு மாடு மேய விடறது இல்ல, மேய்ச்சல் நின்னதாலதான் இது இப்படி வளருதுன்னு ஒரு கட்சி, இல்ல மேய்ச்சல்தான் பூவ அழிச்சுச்சுன்னு ஒரு கட்சி. அவங்க தாத்தா ஆடு ஓட்டிட்டு வந்த எடமாம் அது. அவன் எந்தக் கட்சின்னு கேக்கவே வேணாம்.

உள்ள ஒரு கல்லறை இருக்கு, போனா விட்டுறாதீங்க. 1931ல காமெட் சிகரம் ஏறிட்டுத் திரும்பறப்ப வழி தவறி இங்க எறங்குன ஃபிராங்க் ஸ்மைத்துங்கற இங்கிலீஷ்காரர் வச்சதுதான் மலர்ப் பள்ளத்தாக்குங்கற பேரு, அதக் கேள்விப்பட்டு 1939ல ஜோன் மார்கரெட் லெக்னு ஒரு அம்மா செடி சேகரிக்க வந்தாங்க, பாறைல வழுக்கி விழுந்து இங்கயே இறந்துட்டாங்க, பின்னாடி அவங்க கூடப் பொறந்த சகோதரி வந்து கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க. எங்க டூர் மேனேஜர் அந்தக் கல்லு வரைக்கும் கூட்டிட்டுப் போகாம "டைம் இல்ல"ன்னு பாலத்துக்கிட்டயே அரை குரூப்பத் திருப்பிட்டாரு. நானும் பெரியம்மாவும் பையனும் மட்டும் போனோம். பெரியம்மா பைல இருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய எடுத்து கல்லு மேல வச்சாங்க. பையன் அத திருப்பி எடுத்து அவங்க கைலயே குடுத்துட்டான், பேப்பர் காட்டுல கெடக்கக் கூடாது மாதாஜின்னு. சரிதான்.

மறுநாள் ஹேம்குண்ட். காங்கரியாலருந்து ஆறு கிலோமீட்டர்தான், ஆனா ஆயிரம் மீட்டருக்கு மேல ஏத்தம், போயி நிக்கற எடம் 4,000 மீட்டரத் தாண்டிரும். மூச்சு முட்டும், தலை கனக்கும், நெஞ்சு சம்பந்தமா எதாவது இருந்தா ஊர்லயே டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க, கம்பெனிக்காரன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிக்கறதோட சரி. இங்க கழுதை போகும், பெரியம்மா கழுதைல, நான் பின்னாடி வாயத் தொறந்துக்கிட்டு. சீக்கியர்களுக்குப் பெரிய புனித எடம், குரு கோபிந்த் சிங் முற்பிறவில தவம் பண்ண எடம்னு நம்பிக்கை, 80 வயசுத் தாத்தா எல்லாம் செருப்பு இல்லாம "வாஹே குரு" சொல்லிட்டே நம்மளத் தாண்டிப் போறாரு, நமக்கு அவமானமா இருக்கும்.

பாதி வழியில பாறை இடுக்குல நீலம். பையன்தான் காட்டுனான், ப்ளூ பாப்பி, நம்ம கசகசா இருக்கே அந்தக் குடும்பம். செடி பூராம் முள்ளு, பூ மட்டும் நனைஞ்ச பட்டுத் துணி மாதிரி, அந்த நீலத்துக்கு எனக்கு வேற பேரு தெரியல. ஒரு தடவ பூத்து வெத விட்டுச்சுன்னா செடி செத்துருமாம். பெரியம்மா எறங்கக்கூட இல்ல, "நல்லாத்தான் இருக்கு, நம்ம ஆளு எங்க?"ன்னாங்க.

நம்ம ஆளு கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல வந்தாரு. மரம் எல்லாம் எப்பவோ நின்னு போச்சு, புல்லும் பாறையும் மேகமும்தான், சாரல் வேற. பையன் கழுதைய நிறுத்தச் சொல்லி சரிவுல கை காட்டுனான். எனக்கு மொதல்ல எதுவும் தெரியல, யாரோ முட்டைக்கோஸ் நட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. சத்தியமா முட்டைக்கோஸுதான்! ஒரு முழ ஒசரத் தண்டு, மேல வெளிறிப் போன மஞ்சப் பச்சையில காத்து ஊதுன மாதிரி உப்பலா எலை மூடிருக்கு, எலை அவ்வளவு மெல்லிசு, வெயில்ல காய வச்ச ஜவ்வரிசி வடாம் மாதிரி அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது.

பெரியம்மா எறங்கி பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. "பூ எங்கடா?"

பையன் ஒரு செடிக்குப் பக்கத்துல குத்த வச்சு, எலையத் தொடாம விரலால மட்டும் உள்ள காட்டுனான். உள்ள கரு ஊதால குட்டிக் குட்டி உருண்டையா அடஞ்சு இருக்கு, அதான் பூ. வெளிய இருக்கறது பூவிதழே இல்ல, பூவுக்குப் போட்ட சட்டை. அந்த ஒசரத்துல ராத்திரி குளிர்ல பூ ஒறஞ்சு போகாம இருக்கணும், மழை உள்ள எறங்கக் கூடாது, அதுக்குத்தான் அந்த மெல்லிசு எலைய கண்ணாடி வீடு மாதிரி சுத்திக் கட்டிக்குது, வெயிலு உள்ள வரும், சூடு வெளிய போகாது. கொடை புடிச்ச வண்டு மாதிரி ஒண்ணு உள்ள ஒக்காந்துருந்துச்சு, பையன் சிரிச்சுக்கிட்டே "ஹோட்டல்"னான். குளிர்காலத்துல மேல இருக்கறது எல்லாம் செத்துரும், கிழங்கு மட்டும் பனிக்கடியில கெடந்து அடுத்த வருஷம் மறுபடி வரும். வாசனை பத்தி யாராவது மல்லிகை ரேஞ்சுக்குச் சொன்னா நம்பாதீங்க, கொஞ்சம் காட்டமா, மருந்துக் கடை மாதிரி ஒரு வாடை. தாமரைக்கும் இதுக்கும் பேருல மட்டும்தான் சொந்தம், சாமந்தி, சூரியகாந்தி குடும்பம் இது.

பெரியம்மா ஏமாந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். 62 வயசுல இவ்வளவு தூரம் வந்து முட்டைக்கோஸ் பாத்தா யாருக்குத்தான் கோவம் வராது. அவங்க என்ன பண்ணாங்கன்னா, கொடைய மடக்கிட்டு மழையிலயே பூ பக்கத்துல ஒரு கல்லுல ஒக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "சாமந்தின்னா சொன்ன? அதுக்கா இந்தப் பாடு?"ன்னாங்க. பையன்ட்ட ஒரு பூ பறிச்சுத் தரியான்னு கேக்கவும் இல்ல. மேல இருந்து எறங்கி வந்தவங்க சில பேரு கையில பறிச்ச பூவோட வந்தாங்க, பையன் அவங்களையே மொறச்சுட்டு இருந்தான். அவங்க ஊர்ல நந்தா தேவி திருவிழாவான நந்தாஷ்டமி வரைக்கும் இதுல யாரும் கை வைக்க மாட்டாங்களாம், அப்பவும் விரதம் இருந்து வெறுங்காலோட போயி சாமிக்கு வேணுங்கற அளவுதான். கேதார்நாத், பத்ரிநாத்லயும் இந்தப் பூ சாமிக்குப் போகுது. பீமன் திரௌபதிக்காக சௌகந்திகப் பூ தேடிப் போயி வழியில அனுமார் வாலத் தூக்க முடியாம நின்னானே, அந்தப் பூவே இதுதான்னு அங்க சொல்றாங்க. கதைல வாசம் காத்துல அடிச்சுட்டு வந்துச்சும்பாங்க, நான் மோந்து பாத்த வரைக்கும்... சரி விடுங்க, சாமி சமாச்சாரம்.

மேல ஏரி, ஏரிக்கரைல குருத்வாரா, பக்கத்துலயே சின்னதா லக்ஷ்மணர் கோயிலு. குருத்வாரால சூடா கிச்சடியும் டீயும் குடுத்தாங்க, யாருன்னு கேக்கல, காசு கேக்கல. இந்த ஆறு நாள்ல நான் சாப்ட்டதுலயே நல்ல சாப்பாடு அதுதான், பேக்கேஜ்ல சேராதது. தட்டு கழுவற எடத்துல பெரியம்மா நின்னுட்டு வர மாட்டேன்னுட்டாங்க, மதியம் ரெண்டு மணிக்குள்ள எறங்கச் சொல்லி விரட்டறதுக்குள்ள இருபது தட்டு கழுவிட்டாங்க. இப்போ கோவிந்த்காட்லருந்து ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப்வே வரப் போகுது, 2025 மார்ச்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துருச்சு, 2,730 கோடி. முட்டி வலிக்காரங்களுக்கு நல்லதுதான். பூவுக்கு எப்படியோ.

பணம் திரும்ப வாங்குன கதை. போஸ்டர்ல "பள்ளத்தாக்கில் 2 நாட்கள்"னு இருந்துச்சு, அங்க போனா ஒரு நாள்தான், ரெண்டாவது நாள கீழ எறங்கற நாளாக் கணக்கு காட்டுறாங்க. ஸ்கிரீன்ஷாட் வச்சுருந்தேன். அதுவும் கழுதைக் காசும் சேத்துக் கேட்டேன், பத்து நாள் இழுத்து ஆளுக்கு 2,500 போட்டு விட்டாங்க. அதனால புக் பண்றப்ப ஒவ்வொரு நாளும் எங்க, எத்தன மணிக்கு, எது சேத்தி எது தனின்னு எழுத்துல வாங்குங்க, போன்ல சொல்றது காத்தோட போச்சு. இன்னொண்ணு, கைடு உள்ளூர் ஆளான்னு கேளுங்க, கெடைக்கலன்னா காங்கரியால தனியா காசு குடுத்தாவது ஒருத்தரப் புடிங்க, ரூம அப்கிரேட் பண்ற காசுக்கு அது ஆயிரம் மடங்கு தேவலாம், இல்லன்னா பச்சையா ஒரு மலையப் பாத்துட்டுத் திரும்பி வருவீங்க. ரெயின்கோட் முழங்காலுக்குக் கீழ வரணும், சாக்ஸ் நாலு ஜோடி பத்தாது.

ஊருக்கு வந்து செப்டம்பர்ல மாடில கள்ளி பூத்துச்சு, ஒரே ராத்திரி ஏழு பூவு. வழக்கம் போல தெருவே மேல வந்துருச்சு, சூடத்தோட. பெரியம்மா எல்லார்ட்டயும் "இது மெக்சிகோக்காரி, நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ, அசல் ஆளு அங்க முட்டைக்கோஸ் மாதிரி சட்டை போட்டு ஒக்காந்துருக்கா"ன்னு போன்ல போட்டோ காட்டிட்டு, அப்பறம் கள்ளிக்கே சூடத்தக் காட்டிட்டாங்க.

நான் அந்தப் போட்டோவ கம்பெனிக்கும் அனுப்பி விட்டேன், போஸ்டர்ல தப்பான பூ போட்டுருக்கீங்க, இத போடுங்க, காசு வேணாம்னு. தேங்க் யூ சார்னு ரிப்ளை வந்துச்சு. போன வாரம் அவங்க பேஜ்ல அந்தப் போட்டோவ போட்டுட்டாங்க, கீழ பெரிய எழுத்துல "ப்ளூ பாப்பி".